ஏழாம் நம்பர் கத்தி

கைப்பை தைக்கும் அந்தப் பட்டறையில் மணி பத்தானால், தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்கும். சர், சர், சர் என்று பத்து முறை. பிறகு நின்றுவிடும். பதினொன்றுக்கு மறுபடியும் பத்து. யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை. கல்லுக்காரி கத்தி தீட்டுகிறாள், அவ்வளவுதான்.

அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவர் பக்கத்து மேஜையில் பசை தடவுகிறவர். அவர் வாய் சும்மா இருக்காது. "மத்தவங்க பாக்கெட்ல சீப்பு இருக்கும், கண்ணாடி இருக்கும். இவ பாக்கெட்ல கல்லு இருக்கு. யாரும் வம்புக்குப் போயிடாதீங்கப்பா" என்று அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் சொன்னார். பசைக்காரர் ஒட்டின பெயர். பதினோரு வருஷமாகியும் பிரியவில்லை.

கல் ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். ஒரு பக்கம் சொரசொரப்பான சாம்பல் நிறம், மறுபக்கம் வழவழப்பான வெள்ளை. பைக்கு உள்ளே வைத்துத் தைக்கிற துணியின் வெட்டுத்துண்டில் அதற்கு ஓர் உறை தைத்து, மேலங்கியின் வலது பாக்கெட்டில் வைத்திருப்பாள். வலது கையால் கல்லை எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, இடது கையில் இருக்கும் கத்தியை அதன் மேல் சாய்த்து இழுப்பாள். தீட்டியதும் கத்தியின் கூர்முனையை வலது கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்துப் பார்ப்பாள். வழுக்கினால் இன்னும் இரண்டு இழுப்பு. வழுக்காமல் பிடித்து நின்றால் கல் உறைக்குள் போய்விடும்.

அவள் வேலை, தோலின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்குவது. ஓரம் காகிதம்போல மெலிந்தால்தான் மடித்துத் தைக்க வரும். கொஞ்சம் கூடுதலாகச் சீவினால் மடிப்பில் கிழியும். குறைந்தால் மெஷின் ஊசி உடையும். அதற்கென்று இருக்கிற கத்தியின் முனை சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சரிவு. தட்டைப் பக்கம் தோலைத் தடவிக்கொண்டு போக வேண்டும், சரிவு மேலே இருக்க வேண்டும். வலக்கைக்காரர்களுக்கு இதைப் பற்றி யோசிக்கவேண்டிய அவசியமே வருவதில்லை, ஏனென்றால் எல்லாக் கத்தியும் அவர்களுக்காகத்தான் செய்யப்பட்டிருக்கிறது. அதே கத்தியை இடது கையில் பிடித்தால் சரிவு கீழே போய்விடும். கத்தி தோலை மேயாமல் குடையும்.

கல்லுக்காரிக்கு இடது கை.

அவள் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். எட்டு வயதில் அவள் அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். முழுக்கைச் சட்டையின் இடது கை வாயை ஊசி நூல் எடுத்துத் தைத்து மூடிவிட்டாள். "நாளைக்குப் போற இடத்துல நாலு பேர் சிரிக்கக் கூடாது. கை அடங்கட்டும்" என்றாள். சிறுமி அன்று முழுவதும் ஒரு கை பைக்குள் மாட்டிக்கொண்டதுபோல வளையவந்தாள். சாயங்காலம் அப்பா சவரம் செய்து எறிந்த பிளேடு ஒன்றைக் குப்பையிலிருந்து எடுத்தாள். அது மழுங்கியிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டு விளிம்பில் அதைத் தேய்த்துத் தேய்த்து, வலது கையில் பிடித்து, தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள். வலது கையால் அவள் உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான்.

மறுநாள் அம்மா இரட்டை நூலில் தைத்தாள். சிறுமி அதையும் அறுத்தாள். அடி விழுந்தது, அறுத்தாள். பிளேடைப் பிடுங்கிப் போட்டார்கள், வேறொன்று கிடைத்தது. ஒன்பதாவது தடவை அம்மா ஊசியில் நூல் கோக்கப் போய், கண் தெரியாமல் தடவி, பிறகு நூல்கண்டைக் கீழே வைத்தாள். "என்னமோ பண்ணித் தொலை" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கையை யாரும் தொடவில்லை.

பட்டறையில் சேர்ந்தபோது அவளுக்குக் கொடுத்தது ஏழாம் நம்பர் கத்தி. முதல் மாதம் அவள் சீவியதில் பாதி குப்பைக்குப் போனது. கத்தியின் மேல் தப்பு என்று புரிய அவளுக்கு வெகு நாளாகவில்லை. சந்தையில் இந்தச் சின்னக் கல்லை வாங்கினாள். சாப்பாட்டு இடைவேளையில் மற்றவர்கள் கதை பேசும்போது, ஒரு பக்கத்துச் சரிவைத் தேய்த்துத் தட்டையாக்கி, தட்டையைத் தேய்த்துச் சரிவாக்கினாள். பதினாறு நாள் பிடித்தது. பதினேழாம் நாளிலிருந்து அவள் சீவிய ஓரத்தில் குறை சொல்ல ஆள் இல்லை.

சனிக்கிழமைதோறும் மேஸ்திரி எல்லாக் கத்திகளையும் வாங்கிப்போய்ச் சாணைச் சக்கரத்தில் பிடித்துக் கொண்டுவருவார். இவள் மட்டும் கொடுக்க மாட்டாள். "சக்கரத்துல சூடாகிடும் மேஸ்திரி. நானே தீட்டிக்கிறேன்" என்பாள். ஒரு கத்தி குறைந்தால் நல்லதுதானே என்று அவரும் போய்விடுவார். பதினோரு வருஷத்தில் அந்தக் கத்தியை அவர் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை.

எடுத்துப் பார்த்த நாளன்று கல்லுக்காரி பட்டறையில் இல்லை. கடைவாய்ப்பல் பிடுங்குவதற்காக அரைநாள் விடுப்பில் போயிருந்தாள். மாதிரிக்கு அனுப்பவேண்டிய பைகளின் மேல்மூடிகள் அவள் மேஜையில் வெட்டிச் சீவத் தயாராக அடுக்கியிருந்தன. கறையோ தழும்போ இல்லாத ஒரே தோலில் வெட்டியவை, எண்ணி இருபத்திரண்டு. காலையில் நாலை முடித்துவிட்டுப் போயிருந்தாள். மேஸ்திரிக்குத் தலைபோகிற அவசரம். தாமே சீவலாம் என்று உட்கார்ந்தார். அவருடைய கத்தி கைதவறித் தரையில் விழுந்து முனை உடைந்தது. எதிரே பட்டறையிலேயே கூரான கத்தி என்று பெயரெடுத்த ஏழாம் நம்பர் கிடந்தது.

அடுத்த நாள் காலை வீங்கின கன்னமும் வாயில் பஞ்சுமாக அவள் வந்து நின்றபோது, மேஸ்திரி அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் பதினெட்டு மேல்மூடிகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பொத்தல்.

"என்ன பண்ணி வச்சிருக்க?" என்றார்.

அவள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"கேக்குறேன்ல. இந்தக் கத்தியைக் கெடுத்தது யாரு, நீதானே?"

அவள் முதலில் தலையை ஆட்டினாள், உடனே இல்லை என்றும் ஆட்டினாள். செய்தது அவள்தான், ஆனால் கெடுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு தலை போதவில்லை.

"ஆமாவா, இல்லையா?"

"பல்லு புடுங்கிட்டு வந்திருக்கா மேஸ்திரி" என்றார் பசைக்காரர். "நாளைக்குக் கேளுங்க, வட்டி போட்டுச் சொல்லுவா."

"நீங்க உங்க பசையைப் பாருங்க."

கல்லுக்காரி பஞ்சை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். "கெடுக்கலை. திருப்பியிருக்கேன். எனக்கு இடது கை. கத்தியும் இடது கைதான்."

"அப்படி ஒரு கத்தி உண்டா? இது கம்பெனிக் கத்தி. யார் எடுத்தாலும் வெட்டணும்."

"நான் எடுத்தா வெட்டாம இருந்துச்சே. அப்ப யாரும் கேக்கலை."

மெஷின் பக்கமிருந்து யாரோ சிரித்தார்கள். மேஸ்திரியின் முகம் கறுத்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தார். ராத்திரியே எழுதி வைத்திருந்தார் போலிருக்கிறது. 'நிறுவனத்துக்குச் சொந்தமான ஏழாம் எண் கத்தியை அறியாமல் சேதப்படுத்திவிட்டேன். இனி அனைவரையும்போல் வலது கையால் வேலை செய்வேன். என்னிடமுள்ள கல்லை ஒப்படைக்கிறேன். மன்னிக்கவும்.'

"திங்கட்கிழமை முதலாளியம்மா வராங்க. இதுல ஒரு கையெழுத்தைப் போடு. விஷயம் முடிஞ்சுது."

அவள் இரண்டு முறை படித்தாள். பேனாவை வாங்கினாள். மேஸ்திரி பெருமூச்சு விட்டார். அவள் 'அறியாமல்' என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அறிஞ்சுதான் செஞ்சேன். பதினாறு நாள் உக்காந்து செஞ்சேன். மீதியும் தப்புத்தான், சொல்ல வாய் வலிக்குது."

"கையெழுத்துப் போடற வரைக்கும் இந்த மேஜைக்கு வராதே. கல்லை வச்சுட்டுப் போ."

"கத்தி உங்களோடது, வச்சுக்கங்க. கல்லு என்னோடது."

மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கல்லை எடுத்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். தெரு முனை திரும்பும்வரை நிமிர்ந்து நடந்தவள், திரும்பியதும் ஒரு கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல் பிடுங்கிய இடம் விண்விண்ணென்று தெறித்தது. அந்த நாற்காலியை விட்டால் அவளுக்கு வேறு நாற்காலி இல்லை. பசை தடவவோ, பெட்டியில் அடுக்கவோ எங்கே வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்வார்கள். சீவுகிற மேஜை வேறு. அங்கே தன் கை தன் இஷ்டத்துக்கு ஓடும்.

அவள் கணவர் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். நல்ல மனுஷர், சண்டை என்றால் ஒதுங்கிப்போகிறவர். அன்று இரவு சாப்பிடும்போது, "ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டு உன் வேலையைப் பாரேன்" என்றார்.

"எந்தக் கையால போடறது?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அவர்கள் வீட்டு மேஜையில் இடது கோடி இடம் அவளுடையது. அங்கே உட்கார்ந்தால்தான் முழங்கை யாரையும் இடிக்காது. கல்யாணமான புதிதில் இடித்து இடித்து, இருவருமாகக் கண்டுபிடித்த ஏற்பாடு அது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணவர் ஒரு செய்தித்தாள் பொட்டலத்துடன் வந்தார். பிரித்தால் கத்தி. இரும்பு அறுக்கிற மெஷினிலிருந்து கழித்துப்போட்ட ரம்பத்தை உடைத்து, பல்லெல்லாம் தேய்த்து, சாய்வாக முனை வெட்டி, பிடிக்குத் தோல் சுற்றியிருந்தார். "உனக்குன்னே பண்ணேன். நம்பர் கிடையாது, எவனும் கேக்க முடியாது" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

அவள் கத்தியை இடது கையில் எடுத்தாள். புரட்டிப் பார்த்தாள். மறுபடி புரட்டினாள். பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

"என்ன?"

"ஏங்க, இருபது வருஷமா என் பக்கத்துல உக்காந்து சாப்பிடுறீங்க. எந்தக் கைக்காக இதைப் பண்ணீங்க?"

அவர் கத்தியை வாங்கிப் பார்த்தார். சரிவு வலக்கைப் பக்கம் இருந்தது. "அடச்சே" என்றார். "சக்கரத்துல வச்சதும் கை தானா அந்தப் பக்கம் போயிடுச்சு. குடு, நாளைக்கு மெஷின்ல மாத்தித் தரேன்."

"வேண்டாம். நாளைக்கு எனக்கும் வேலை இல்லையே."

சனியும் ஞாயிறும் அவள் சமையலறைத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து தேய்த்தாள். ரம்பத்து இரும்பு லேசில் மசியாது. சாம்பல் பக்கத்தில் ஐந்நூறு இழுப்புக்கு ஒரு நூலளவு போனது. விரல் நுனிகள் கறுத்தன. கல்லின் நடுவில் பள்ளம் விழுந்தது. தரை சிமெண்டில் கல்லையே தேய்த்துச் சமமாக்கிவிட்டு மறுபடி தொடங்கினாள். கணவர் இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தார், மூன்றாவது தடவை தொட்டியை நிரப்பினார். ஞாயிறு பொழுது சாயும்போது வெள்ளைப் பக்கத்தில் கடைசிப் பத்து இழுப்பு. தோல் துண்டில் இழுத்துப் பிசிறை எடுத்தாள். நகத்தில் வைத்தாள். நின்றது.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கல்லுக்காரி தன் மேலங்கியை ஆணியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏழாம் நம்பர் கத்தி பழையபடி வலக்கைக்காரர்களுக்குச் சாணை பிடிக்கப்பட்டு மேஜை மேல் இருந்தது. அதை மேஜையின் கோடிக்குத் தள்ளினாள். தன் கத்தியையும் கல்லையும் எல்லோர் கண்ணிலும் படுகிறமாதிரி எடுத்து வைத்தாள்.

"தங்கச்சி, உனக்கு நெஞ்சுல பயமே கிடையாதா?" என்றார் பசைக்காரர் தணிந்த குரலில்.

"இருக்குண்ணே. வலது பக்கமா இருக்கு போல, எனக்குத் தெரியலை."

சற்று நேரத்தில் மேஸ்திரி முதலாளியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் அந்தத் தாள். அடித்த சொல்லோடு அதே தாள்தான். முதலாளியம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பொத்தல் விழுந்த மேல்மூடிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"கத்தியைத் திருப்பி வச்சிருக்காம்மா" என்றார் மேஸ்திரி. "நான் எடுத்துச் சீவினேன், எல்லாம் போச்சு."

"சரி. பதினெட்டு எப்படிப் போச்சு?"

"கத்தி..."

"ஒண்ணு போச்சு, சரி. ரெண்டு போச்சு. நிறுத்திக் கத்தியைப் பார்க்க மாட்டீங்களா? முப்பது வருஷமா தோல் சீவுறீங்க."

பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மேஸ்திரி தன் வலது கையைப் பார்த்தார், உள்ளங்கையைத் திருப்பியும் பார்த்தார்.

"கைன்னு நெனச்சேன்மா" என்றார் கடைசியில். "எங்க அண்ணனுக்கு என் வயசுலதான் கை நடுங்க ஆரம்பிச்சுது. டம்ளர்கூடப் பிடிக்க மாட்டார் இப்ப. முதல் மூடி போனதும் அதுதான் ஞாபகம் வந்துச்சு. இல்லை, எனக்கு இல்லைன்னு அடுத்ததை எடுத்தேன். அதுவும் போச்சு. அப்புறம் நிறுத்த முடியலை. கடைசி மூடியிலதான் கத்தியைப் புரட்டிப் பார்த்தேன்."

கல்லுக்காரிக்கு நான்கு நாளாகத் தொண்டையில் சேர்த்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரி கேட்க நினைத்தது. இப்போது பார்த்தால் அதைக் கேட்க ஆளில்லை.

"உங்க கை நல்லாத்தான் இருக்கு மேஸ்திரி" என்றாள். "என் கத்தியும் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேரலை, அவ்வளவுதான். ஆனா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

முதலாளியம்மா தாளை வாங்கிப் படித்தார். அடித்த இடத்தில் அவர் உதடு கொஞ்சம் கோணியது. "சரி, கையெழுத்து வேண்டாம். கல்லை மட்டும் விட்டுடு. நாளைக்கு ஆளாளுக்குக் கல்லோட வந்து உக்காருவாங்க. மேஸ்திரியே உனக்கு அந்தப் பக்கமா சாணை பிடிச்சுத் தருவார். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை."

நியாயமான பேச்சுதான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சரி என்று தலையாட்டினால் நாற்காலி அவளுடையது. மேஸ்திரிகூடத் தலையை ஆட்டினார்.

"வேண்டாம்மா" என்றாள்.

"ஏன்?"

"மணிக்கு ஒரு தடவை மழுங்குது. சனிக்கிழமை வரைக்கும் அது காத்திருக்காது." கத்தியின் மேல் விரலை வைத்தாள். "அப்புறம், என் கத்தி எந்தப் பக்கம்னு இன்னொருத்தர் ஞாபகம் வச்சுக்கிற மாதிரி எனக்கு வேண்டாம். என் வீட்டுக்காரரே ஆசையா ஒண்ணு பண்ணிக் கொண்டுவந்தார். அவரே மறந்துட்டார்."

"கல்லை எடுத்துட்டா?"

"நானும் எந்திரிச்சுடுவேன்."

முதலாளியம்மா புதிதாக வெட்டிய மேல்மூடி ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார். கல்லுக்காரி தோலை விரித்து, வலது கையால் அழுத்தி, இடது கையை ஓடவிட்டாள். ஓரத்திலிருந்து மெல்லிய சுருள் ஒன்று அறுபடாமல் புறப்பட்டு, வளைவைச் சுற்றி வந்து, மேஜையிலிருந்து தொங்கியது. முதலாளியம்மா ஓரத்தை விரலால் மடித்துப் பார்த்தார். கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார்.

"மீதியையும் இவளே சீவட்டும்" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார். கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தாள் மேஜையிலேயே கிடந்தது. பசைக்காரர் அதை எடுத்து, பசைத் தூரிகையைத் துடைத்தார்.

அந்தச் சனிக்கிழமை மேஸ்திரி வழக்கம்போல மரப்பெட்டியோடு கத்திகளை வாங்கிக்கொண்டு வந்தார். அவள் மேஜைக்கு வந்ததும் பழக்கத்தில் நிற்காமல் தாண்டப்போனவர், திரும்பி வந்தார்.

"கல்லு நடுவுல குழி விழுந்திருக்கே."

"ஆமா மேஸ்திரி."

"தரையில தேய்ச்சா சமமாகும்."

"தெரியும்."

அவர் போகவில்லை. பெட்டியில் ஏழாம் எண் போட்ட இடம் காலியாக இருந்தது. "ஏழாம் நம்பரைத் திரும்ப உன் பக்கத்துக்கு மாத்திக் கொண்டுவரட்டுமா? நானே பண்றேன். இந்தத் தடவை பார்த்துப் பண்ணுவேன்."

"வேண்டாம். அது உங்க கத்தி, உங்க பெட்டியிலயே இருக்கட்டும்" என்று மேஜைக் கோடியில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் அதை அதன் இடத்தில் செருகினார். அவள் இடது கையிலிருந்த ரம்பத்துக் கத்தியைப் பார்த்தார். "கணக்குக்கு வேணும். அப்ப இதுக்கு என்ன நம்பர் போடறது?"

"இதுக்கு நம்பர் இல்லை மேஸ்திரி."

சுவரில் மணி பத்தாகியிருந்தது. அவர் நின்றுகொண்டிருக்கும்போதே அவள் பாக்கெட்டிலிருந்து கல்லை எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, நிதானமாகப் பத்து முறை இழுத்தாள்.